ரயிலைப் பார்த்துக் கப்பல் என்ற சிறுமி

மகனுக்கு,

வழக்கமாக முதலில் வரும் "அன்புள்ள" என்ற சொல்லை இந்த முறை எழுதவில்லை. அன்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதை முதல் வரியிலேயே வைத்துவிட்டால் மீதி வரிகளை நீ அவசரமாகத் தாண்டிப் போய்விடுவாய். பொங்கல் முடிந்து கிளம்பும் சென்னைக் கப்பலில் புது வேலைக்குப் போகிறாய். உன் பள்ளியை நடத்தும் குழுமத்தின் தலைமையகத்தில், சிறு பிள்ளைகளுக்கு வாசிப்பு எப்படிக் கற்பிப்பது என்று மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப் போகிறாய். ஒரே வீட்டில் இருக்கும் மகனுக்கு எதற்குக் கடிதம், அதையும் எதற்கு நம் தீவுத் தமிழர்களின் மாத இதழுக்குக் கொடுக்க வேண்டும் என்று உன் அம்மா கேட்டாள். "பக்கத்து ரூம்லதானே இருக்கான். கூப்பிட்டு ரெண்டு வார்த்தை திட்டிட்டா தீந்துச்சு. இதுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா?" என்றாள். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் அவன் ஒரு சிறுமியைப் பற்றி அந்த வாக்கியத்தைச் சொன்னான், அதனால் பதிலும் அங்கேயே இருக்கட்டும் என்றேன். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. அந்தச் சிறுமியை மீனா என்றும் அவள் தகப்பனை முருகேசன் என்றும் குறிப்பிடுகிறேன். இரண்டுமே அவர்களுடைய உண்மைப் பெயர்கள் அல்ல.

நீ அதைச் சொன்ன நாளிலிருந்து நான் உன்னிடம் குரலை உயர்த்தவில்லை. நீ சட்னி கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். மழைக்கோட்டைக் காணவில்லை என்று தேடியபோது அது தொங்கும் இடத்தைச் சொன்னேன். எனக்குக் கோபமே இல்லை என்று நீ எடுத்துக்கொண்டிருக்கலாம். உன் அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. என் கோபம் சத்தம் போடுகிற வகையைச் சேர்ந்தது அல்ல என்பதை அவள் நீ பிறப்பதற்கு முன்பே அறிந்தவள்.

உன் வேலையைப் பற்றி எனக்கு எப்போதும் மதிப்பு இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். மின்னி பேயிலிருந்து காலையில் கிளம்பி, சாத்தம் ஜெட்டிப் படகுத்துறையில் படகு பிடித்து, பாம்பூஃப்ளாட்டில் இறங்கி, முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையை உன்னுடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். நீ பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்னால் சில சொற்களை அட்டைகளில் எழுதி, ஒரு கூடையில் போட்டு வைத்து, கடைசி வேலை நாளில் பெற்றோரை அழைத்து, அவர்கள் முன்னிலையில் பிள்ளைகளை ஒவ்வொருவராக அட்டை எடுத்து வாசிக்க வைக்கும் வழக்கத்தை அந்தப் பள்ளியில் தொடங்கியதும் நீதான். துர்கா பூஜை விடுமுறைக்குப் பந்தல், மேளம், இனிப்பு, வரிசை என்று எழுதினாய். "வரிசை எதுக்குடா?" என்று நான் கேட்டேன். "பிரசாதம் வாங்க எல்லாப் பிள்ளைகளும் வரிசைலதான்பா நிக்கப் போகுது" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மற்ற நாட்களில் கற்ற சொல்லைப் பிள்ளை வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போகலாம். விடுமுறைச் சொல்லை அது வீட்டுக்குக் கொண்டுபோகிறது. பக்கத்தில் ஆசிரியர் இல்லாத நாட்களில் அதைத் தானாகவே எங்காவது பொருத்திப் பார்க்கிறது. இதை எனக்குச் சொன்னவன் நீ.

மீனாவைப் பற்றி முதலில் சொன்னதும் நீதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாய். "அப்பா, கிளாஸ்ல ஒரு பிள்ளை இருக்கா. படத்தைக் காட்டினா தடுமாறுறா. படத்தைக் கையால மூடிட்டா கடகடன்னு படிக்கிறா." காரணம் கேட்டேன். "படத்தைப் பாத்ததும் அவளுக்கு என்னென்னமோ ஞாபகம் வந்துடுது. எழுத்துப் பக்கமே போக மாட்டேங்கிறா. இன்னைக்குப் பூசணிக்காய் படம் காட்டினேன். சாம்பார்ங்கிறா." உன் அம்மா ரசச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அவ சரியாத்தானேடா சொல்றா. பூசணிக்காயை வச்சு வேற என்ன பண்றது?" நீயும் சிரித்தாய். பிறகு உள்ளங்கையைத் தட்டின் மேல் கவிழ்த்து, படத்தை எப்படி மறைக்கிறாய் என்று காட்டினாய். அந்தப் பிள்ளையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி உன் முகத்தில் இருந்தது. உன் கல்லூரிப் பட்டத்தைவிட அந்தக் கையை நான் பெரிதாக எண்ணினேன்.

அதன்பின் கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து புது ஒருங்கிணைப்பாளர் வந்தார். கூடவே அச்சிட்ட அட்டைகளும் வந்தன. அட்டையின் பெரும்பகுதி வண்ணப் படம். அடியில் சிறிய எழுத்தில் சொல். பிள்ளை படத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்ல வேண்டும், பிறகு அந்தச் சொல் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அந்த முறை. முறையில் குறை காண நான் கல்வியாளன் அல்ல. மதுரையிலோ சேலத்திலோ அது நன்றாகவே வேலை செய்யக்கூடும். டிசம்பர் விடுமுறைக்கென்று வந்த சொற்களில் கம்பளி இருந்தது, தண்டவாளம் இருந்தது, ரயில் இருந்தது. ரயிலோ தண்டவாளமோ நம் தீவில் கிடையாது. நீ கையால் எழுதிய அட்டைகள் கூடையிலிருந்து வெளியே போயின. நான் குறுக்கே வரவில்லை. தலைமையகத்து வேலைக்கு உன் பெயரைப் பரிந்துரைத்தவர் அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மையார்தான் என்று நீ சொல்லியிருந்தாய்.

கடைசி வேலை நாளில், "இங்க என்னோட கடைசி பங்ஷன், வாங்கப்பா" என்று என்னை அழைத்தாய். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உன்னுடன் படகில் வந்தேன். கயிற்றை வீசி ஜெட்டியில் மாட்டும் படகுத் தொழிலாளி, மீனாவின் தகப்பன் முருகேசனும் அன்று நேரம் மாற்றிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். மீனா கூடைக்குள் கைவிட்டு எடுத்தது ரயில் அட்டை. நீலப் பெட்டிகள், நீண்ட வரிசையாகச் சன்னல்கள், சன்னலுக்குச் சன்னல் கையாட்டும் மனிதர்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தெளிவாக, சத்தமாக, "கப்பல்" என்றாள். பெற்றோர் சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளரும் சிரித்தார்; அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "கப்பலாம்! சோ ஸ்வீட்! நல்லாப் பாரு கண்ணா" என்றார். மீனா நல்லாப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போற கப்பல்" என்று திருத்திச் சொன்னாள். இன்னும் பெரிய சிரிப்பு. அப்போது அவர் உன் பக்கம் திரும்பினார். "சார், ஹானஸ்டா சொல்லுங்க. இவளுக்கு ரீடிங் வருதா, இல்லையா?"

நான் உன் கையைப் பார்த்தேன். உன் கை மேசை விளிம்பில் இருந்தது. அது எழுந்து, இரண்டடி நகர்ந்து, அந்தப் படத்தின் மேல் கவிழ்ந்தால் போதும். அடியில் மூன்றே எழுத்து. அவள் வாசித்திருப்பாள். ஆனால் அப்படிச் செய்தால், இனி நீ ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி தரப்போகும் அட்டையில் படம்தான் இடைஞ்சல் என்று, உன்னைப் பரிந்துரைத்தவர் முன்னால் நீயே காட்டியதாகும். நீ கணக்குப் போட்டாய். அந்தக் கணக்கு உன் முகத்தில் ஓடி முடிந்ததை நான் பார்த்தேன். "இல்ல மேடம். இவளுக்கு வாசிக்க வராது" என்றாய். "இன்னும் வரல" என்றுகூட இல்லை, "வராது". நான் எழுந்து பேசியிருக்கலாம் என்று உன் அம்மா பிறகு சொன்னாள். ஆசிரியனின் வகுப்பறையில் அவனுடைய தகப்பன் எழுந்து நின்று அவனைத் திருத்துவது முறையல்ல என்பதால், நீயே திருத்திக்கொள்ள நேரம் கொடுத்தேன். அந்த நேரத்தில் நீ அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாய்.

இங்கே உன்னுடைய ஆறாவது வயதை நினைவுபடுத்துகிறேன். சாத்தூரில் உன் மாமா கல்யாணத்துக்காக முதல் முறை உன்னைக் கப்பலில் கூட்டிப்போனோம். சென்னையில் இறங்கி எழும்பூரில் ரயில் ஏறினோம். நமக்கு ஒதுக்கிய இருக்கையில் உட்காராமல், நீ தரையில் குப்புறப் படுத்து இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாய். எதிரே இருந்தவர், "என்ன தம்பி தொலைச்சே?" என்று கேட்டார். "லைஃப் ஜாக்கெட்டைக் காணோம் அங்கிள்" என்றாய். அந்தப் பெட்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இது தண்ணில போகாது தம்பி, அதனால வைக்க மாட்டாங்க. ஆனா நீ தேடுனது கரெக்ட்" என்றார். வழி முழுக்க ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப்பலகையையும் உன்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். விருதுநகரில் அவர் இறங்கியபோது நீ அழுதாய். அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் சொல்லிக்கொள்ள அவருக்குத் தோன்றவும் இல்லை. இருக்கைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் தேடிய பிள்ளைக்கும், சன்னல் வரிசையைப் பார்த்து ஊருக்குப் போகிற கப்பல் என்ற பிள்ளைக்கும் நடுவே, இந்தத் தீவில் வளர்ந்தவன் என்ற முறையில் உனக்கு ஏதேனும் வித்தியாசம் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம் சுற்றியிருந்த பெரியவர்களிடம் மட்டுமே இருந்தது.

அட்டை வாசிப்பு முடிந்த அன்று நீ விருந்துக்காகப் பள்ளியிலேயே தங்கிவிட்டாய். நான் தனியாகப் படகேறினேன். முருகேசன் வேலைக்குத் திரும்பியிருந்தான். மீனா அவன் கண்ணில் படும்படி இயந்திர அறைக்கு வெளியே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். கடலை மெயின்லேண்டிலிருந்து வந்த ஏதோ பழைய தமிழ்ச் செய்தித்தாளில் மடித்துக் கட்டிய பொட்டலம். கடலை தீர்ந்ததும் அவள் காகிதத்தைப் பிரித்து முழங்காலில் வைத்து நீவினாள். படம் எதுவும் இல்லாத பக்கம். "வீ...டு... வாட...கைக்கு. நல்...ல... தண்ணீர் வச...தி" என்று விரலை ஓட்டிக்கொண்டே போனாள். பிறகு நிமிர்ந்து, "தாத்தா, வசதின்னா என்ன?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "எங்க வீட்ல தண்ணி வசதி இல்ல. டேங்கர் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். ஒரு சொல்லைக் கேட்டு, பொருள் புரிந்து, அதை உடனே தன் வீட்டில் பொருத்திப் பார்த்த பிள்ளை அவள். வாசிப்பு என்பதற்கு இதைத் தவிர வேறு விளக்கம் உன் பயிற்சிக் கையேட்டில் இருக்குமானால் எனக்கும் காட்டு.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் முருகேசன் ஹேடோ துறைமுகத்தில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தான். கப்பல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவனைத் தேடி ஒருவர் வந்தால் டிக்கெட்டுக்காகத்தான் இருக்கும். டிக்கெட் அவனே வரிசையில் நின்று வாங்கியிருந்தான். அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பில் வாசலை ஒட்டிய படுக்கைகள் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. "பச்சிக்கு வாந்தி வரும் சார். பிள்ளைக்குக் கொஞ்சம் காத்து வந்தா தேவலை" என்றான். டிக்கெட்டுகளைப் பார்த்தேன். பொங்கல் முடிந்து நீ போகும் அதே கப்பல். போவதற்கு இரண்டு பேர். திரும்பி வர ஒருவர் மட்டும்.

"திரும்பி வர்றதுல மீனா எங்கே?" என்று கேட்டேன்.

"பரமக்குடில அக்கா வீட்ல விடப் போறேன் சார். இங்க இருந்தா படிப்பு வராதாம். அங்க நல்ல ஸ்கூல் இருக்குங்குது அக்கா. க்யா கரே, என்ன பண்றது சார், அவ அம்மா ரெண்டு நாளா சாப்பிடல."

அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரும், நானே கேட்டேன், கடலைப் பொட்டலத்துக் காகிதத்தை உன் படகிலேயே வாசித்தாள் என்று சொன்னேன். அவன் மரியாதையாகச் சிரித்தான். "அது சும்மா எதையாவது உளறிட்டே இருக்கும் சார். அது நிஜமாப் படிக்குதா, தானா அடிச்சு விடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் படிச்சது ஹிந்தி மீடியம். தமிழ் பேசத்தான் வரும், ஒரு எழுத்து தெரியாது. அவ அம்மா தெலுங்கு. எனக்கு வராதது என் பிள்ளைக்காச்சும் வரட்டும்னுதான் அங்க சேர்த்தேன்." சற்று நிறுத்தினான். "நீங்க பெரிய மனசுல சொல்றீங்க. ஆனா நீங்க டீச்சர் இல்லையே சார். டீச்சரே சொல்லிட்டாரு. அதுவும் உங்க பையன். அவரு பொய்யா சொல்லுவாரு?"

வாசலை ஒட்டிய படுக்கைகளுக்குச் சொல்லி வைத்தேன். அவன் கைகூப்பிவிட்டுப் போனான்.

என் கோபத்தின் அளவை இப்போது நீ சரியாக அறிய வேண்டும். நீ தவறினாய் என்பதற்காக அல்ல. பிள்ளைகள் தவறுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் தகப்பன்மார்களுக்கு வயதாகிறது. தன்னால் சரிபார்க்க முடியாத ஒன்றை ஒரு மனிதன் உன்னிடம் முழுதாக ஒப்படைத்திருந்தான். தமிழ் தெரிந்த தகப்பனிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், அவன் வீட்டுக்குப் போய் ஒரு நாளிதழை விரித்து உன்னைப் பொய்யாக்கியிருப்பான். முருகேசனால் முடியாது. அது உனக்குத் தெரியும். சேர்க்கையின்போது விண்ணப்பத்தை அவனுக்காக நிரப்பிக் கொடுத்தவன் நீ. உன்னைச் சரிபார்க்க முடியாதவனிடம் பொய் சொல்வது மற்றப் பொய்களோடு சேராது. அதற்குத் தனிப் பெயர் வைக்க எனக்குத் தமிழும் போதவில்லை, நான் படித்த ஆங்கிலமும் போதவில்லை.

நீ பயிற்சி தரப் போகிற இடத்தில் உதவும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். ரயில் என்ற சொல்லைத் தீவுப் பிள்ளைக்குக் கற்பிக்காதே என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாகக் கற்பி. பார்க்காததை அறிவதற்குத்தான் எழுத்து. ஆனால் அறிமுகம் செய்யாத ஒன்றின் படத்தைக் காட்டி, அதன் பெயர் என்ன என்று கேட்டால் நீ வாசிப்பைச் சோதிக்கவில்லை; அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு விடுமுறையும் டிக்கெட்டும் கிடைத்தனவா என்று சோதிக்கிறாய். சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளைகளிடம் இந்த விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்று கேள். ஒருத்தி டேங்கரைச் சொல்வாள், ஒருவன் அப்பா ஷிப்பில் போய்விடுவதைச் சொல்வான், ஒருவன் குக்கரில் பொங்கல் வைப்பதைச் சொல்வான். பானைதான் சரி என்று குக்கரைத் தள்ளாதே, இரண்டையும் எழுது. தவறாகச் சொன்ன பிள்ளையிடம் ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டுவிட்டுத் திருத்து. அந்தக் கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது. சபையில் எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காத ஒரே ஆளாக ஆசிரியர் இருக்க வேண்டும். அது அவருடைய வேலையில் சேர்ந்தது. விருதுநகரில் இறங்கியவர் ஆசிரியராக இருந்தாரா என்று தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு இது தெரிந்திருந்தது.

இந்த இதழ் வெளிவரும்போது கப்பல் கிளம்ப இன்னும் நாட்கள் இருக்கும். முருகேசனால் இதைப் படிக்க முடியாது. எழுத்துக் கூட்டியாவது அவனுக்கு வாசித்துக் காட்டக்கூடிய ஒரே ஆள் அவன் வீட்டில் மீனாதான். அந்த நிலைமை வரைக்கும் இதை நீ விட மாட்டாய் என்று நம்ப விரும்புகிறேன். உன்னைப் பரிந்துரைத்தவரிடம் நீ என்ன சொல்வாய், புது வேலை என்ன ஆகும் என்பதெல்லாம் நீ பார்த்துக்கொள்ள வேண்டியவை. அவற்றில் நான் தலையிடப் போவதில்லை. நீ ஊருக்குக் கட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளுக்குப் பக்கத்தில், உன் மேசை மேல், அந்த ரயில் அட்டையை உன் பள்ளிப் பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாத்தத்துக்குப் போ. முருகேசனுக்கு இந்த வாரம் காலை முறை. பள்ளி விடுமுறை இன்னும் முடியாததால் மீனாவும் படகில்தான் இருப்பாள். அவளிடம் அட்டையைக் கொடு, படத்தின் மேல் உன் உள்ளங்கையை வை, அவளை வாசிக்கச் சொல். அவள் வாசித்து முடித்ததும் அவனைப் பார்த்து, நான் அன்று சொன்னது பொய் என்று சொல். நான் சொன்னால் அவன் நம்ப மாட்டான். நீ சொன்னால் நம்புவான். அவன் உன்மேல் வைத்த அந்த நம்பிக்கையில் இன்னும் இவ்வளவு மிச்சம் இருக்கிறது.

வாசலை ஒட்டிய படுக்கைகள் இரண்டும் அவர்கள் பெயரில் உறுதியாகிவிட்டன. நல்ல காற்று வரும் இடம். நீ போகும் கப்பலில் அவை காலியாகப் போகட்டும்.

அப்பா